சப்பாத்துப் பெட்டிக்கு 1,100 வெள்ளி

“ரேடியோவுல எல்லாத்தையும் பத்திப் பேசுறீங்களே தம்பி, இதையும் கொஞ்சம் பாருங்க.”

டெங்கில் தாமான் பெர்மாத்தாவில் முறுக்கு சுட்டு விற்கும் அக்கா, போன ஜூன் கடைசியில் என் முன்னால் ஒரு சப்பாத்துப் பெட்டியை வைத்தார். உள்ளே ஓராண்டு ரசீதுகள். பாதியில் எழுத்தே மங்கிப் போயிருந்தது.

புத்ராஜெயா எழுந்தபோது பிராங் பெசார் தோட்டத்திலிருந்து இங்கே வந்த குடும்பம் அவருடையது. கணவர் தவறிவிட்டார். பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இரண்டு பேர். அந்தப் பெட்டியைக் கணக்காக்கி வரி பாரம் அனுப்ப ஒருவர் 1,100 வெள்ளி கேட்டிருக்கிறார். அக்காவுக்கு அது அரை மாத லாபம்.

“அனுப்பாமலே விட்டா என்ன ஆகும்?” என்றார்.

காரணமின்றி அனுப்பாவிட்டால் 200 முதல் 20,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் சேர்த்து விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. அதைச் சொன்னதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. சரி, வரி எவ்வளவு வரும் என்றுதான் பார்ப்போமே என்று உட்கார்ந்தோம்.

ஆண்டு விற்பனை 60,000 வெள்ளி. மாவு, எண்ணெய், எரிவாயு, பொட்டலம், சந்தைக் கடை வாடகை எல்லாம் 34,000. மிச்சம் 26,000. தனிநபர் விலக்கு 9,000, பிள்ளைகளுக்கு 2,000 வீதம் 4,000. வரிக்குரியது 13,000. முதல் 5,000க்கு வரி கிடையாது. மீதி 8,000க்கு 1 விழுக்காடு, அதாவது 80 வெள்ளி. வரிக்குரிய வருமானம் 35,000 வெள்ளியைத் தாண்டாதவருக்கு 400 வெள்ளி தள்ளுபடி இருப்பதால் அந்த 80 வெள்ளியும் போய்விட்டது.

வரி பூஜ்யம். அதைச் சொல்லத்தான் 1,100 வெள்ளி!

கேட்டவரையும் குறை சொல்ல முடியாது. நானும் வார இறுதியில் கல்யாண வீடுகளில் அறிவிப்பாளராகப் போகிறவன். தொழிலைப் பதிந்த முதல் வருடம் ஒரு பிளாஸ்டிக் பை நிறைய ரசீதுகளைக் கணக்கரிடம் கொடுத்தேன். வந்த பில்லில் பெரும்பங்கு, அந்தக் காகிதங்களைப் பிரித்து அடுக்கிய நேரத்துக்குத்தான். பாரத்தை நிரப்பியதற்குக் கொஞ்சம்தான். அடுத்த வருடம் மாதாமாதம் நானே வரவு செலவு எழுதிக் கொடுத்தேன், பாதிக்கும் குறைவாக முடிந்தது.

தனியாள் தொழிலுக்குக் கணக்குத் தணிக்கை கட்டாயமில்லை. சம்பளக்காரர் பிஇ பாரம், தொழில் செய்கிறவர் பி பாரம். அதற்கு ஜூன் 30 கெடு. இணையத்தில் அனுப்பினால் ஜூலை 15 வரை விடுவார்கள். மைடேக்ஸ் தளத்தில் அனுப்பக் கட்டணமில்லை. ரசீதுகளை அனுப்ப வேண்டாம், ஆனால் ஏழு வருடம் பத்திரமாக இருக்க வேண்டும். வெயில்பட்டால் மங்கும் ரசீது ஏழு மாதம்கூடத் தாங்காது. அன்றைக்கே கைப்பேசியில் படம் பிடித்துவிடுங்கள். அக்காவுக்கு மளிகைக்கடைக்காரர் நல்ல மனிதர், பழைய பில்களை மறுபடி அச்சிட்டுக் கொடுத்தார்.

மின் விலைப்பட்டியலுக்காக ஒரு மென்பொருள் வாங்கச் சொல்லி வேறு யாரோ பயமுறுத்தியிருந்தார்கள். ஆண்டு விற்பனை 1,000,000 வெள்ளிக்குக் கீழே உள்ள சிறு வியாபாரிக்கு அதில் விலக்கு உண்டு.

ஆள் வைத்து சம்பளம், இபிஎஃப், சொக்சோ என்று வந்துவிட்டால் நான் கணக்கரிடம்தான் போகச் சொல்வேன். அந்தக் கட்டணம் தொழில் செலவாகவே கழியும்.

வரி இல்லாதபோது ஏன் இவ்வளவு பாடு என்று கேட்கலாம். தீபாவளிக்குள் மாவு பிசையும் இயந்திரம் வாங்க அக்காவுக்குக் கடன் தேவை. வங்கியில் முதலில் கேட்பதே பி பாரமும் அதன் ஒப்புகையும்தான்.

ஜூலை 12ஆம் தேதி இரவு பாரத்தை அனுப்பினோம். ஒப்புகையை அச்சிட்டுக் கொடுத்தேன். அக்கா அதை அந்தச் சப்பாத்துப் பெட்டியிலேயே போடப் போனார். நான் பிடுங்கிக்கொண்டு ஒரு கோப்பு வாங்க ஓடினேன். கோப்பு விலை 4 வெள்ளி 50 காசு. அந்த ரசீதுதான் அவருடைய புது நோட்டில் முதல் செலவு.