பாட்டி பெயர்களுக்கு இனி வீட்டில் இடமில்லையா?

அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்து இருபது நாள்கள் ஆகிவிட்டன. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் இதுவரை நாற்பது பெயர்களாவது வந்திருக்கும். பாதி 'ஸ்ரீ'யில் முடிகின்றன, மீதி 'ஷா'விலும் 'கா'விலும். அர்த்தம் கேட்டால் எல்லாவற்றுக்கும் 'இளவரசி' அல்லது 'ஒளி' என்று பதில் வருகிறது.

அக்காவின் மாமியாருக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில். குரூப்பில் 'குட் மார்னிங்' தவிர வேறெதுவும் போடாதவர், அன்று ஒரு வாய்ஸ் நோட் அனுப்பினார். "கோமதின்னு வைங்களேன்." அரை மணி நேரம் யாரும் எதுவும் சொல்லவில்லை. பிறகு சித்தப்பா மகன் கண்ணில் நீர் வரச் சிரிக்கும் எமோஜி ஒன்றைப் போட்டான். சத்தியமாகச் சொல்கிறேன், நானும் ஒன்று போட்டேன்.

அந்த எமோஜி கொஞ்ச நாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது.

கோமதி என்பது சங்கரன்கோவில் அம்மனின் பெயர். அரியும் சிவனும் ஒன்றாகக் காட்சி தர வேண்டுமென்று அவள் தவமிருந்ததைத்தான் அந்த ஊர் ஆடித்தபசாகக் கொண்டாடுகிறது. காந்திமதி என்றால் நெல்லையப்பர் கோயில். உலகம்மாள் என்றால் தென்காசி. குழல்வாய்மொழி குற்றாலத்துக்காரி. நீலாயதாட்சி நாகப்பட்டினம், கற்பகாம்பாள் மயிலாப்பூர். ஆதார் அட்டை வருவதற்கு வெகுகாலம் முன்பே, ஒரு பெண்ணின் பெயரைக் கேட்டதும் அவள் குடும்பம் எந்தப் பக்கம் என்று ஓரளவு சொல்லிவிட முடிந்தது. இன்று குரூப்பில் வந்த நாற்பது பெயர்களில் எதை வைத்தும் குழந்தை சென்னையா, சூரத்தா என்றுகூடச் சொல்ல முடியாது.

இந்தக் கோயில் பெயர்களிலும் எல்லாமே பழசாகிவிடவில்லை. அபிராமி இன்றைக்கும் ஜம்மென்று இருக்கிறாள், மீனாட்சியும் அப்படித்தான். வாலில் 'அம்மாள்' ஒட்டியிருக்கும் பெயர்கள்தான் அதிகம் அடிவாங்கின. எந்தப் பெயர் எப்போது திரும்பும் என்பதிலும் கணக்கொன்றும் இல்லை. '96' படம் 2018-ல் வந்தபோது, பாட்டி பெயர் என்று நாம் ஒதுக்கிவைத்த ஜானகி, 'ஜானு' ஆகி எல்லோர் ஸ்டேட்டஸிலும் உட்கார்ந்துகொண்டாள். 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்தது 1950-களில். வானதி, குந்தவை, பூங்குழலி என்ற பெயர்களை 2022-ல் திரையில் கேட்டபோது யாருக்கும் பழைய வாடை அடிக்கவில்லை. த்ரிஷா உச்சரித்தாலும் த்ரிஷாவை அழைத்தாலும் எந்தப் பெயரும் அழகாகத்தான் இருக்கும் போல!

சினிமா கைகொடுக்காத பெயர்களின் கதைதான் வேறு.

எங்கள் பக்கத்து வழக்கப்படி, மகன் வயிற்றுப் பேத்திக்கு அப்பாவைப் பெற்ற பாட்டியின் பெயரை வைக்க வேண்டும். 'பெயர்த்தி'தான் பேத்தி ஆனது என்பார்கள், பாட்டியின் பெயரைத் தாங்குகிறவள். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பதால், பெற்ற மகளையே பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. அதனால்தான் பல வீடுகளில் 'பாப்பா', 'ஆச்சி' என்று ஒரு கூப்பிடும் பெயர் முளைத்தது. பெயர் சொல்லித் திட்டவும் முடியாது, அந்த வகையில் பேத்திகளுக்கு லாபம்தான்.

அப்படியானால் அத்தை தன் பெயரைத்தானே கேட்டிருக்க வேண்டும்? அவர் பெயர் கோமதி இல்லை, பிச்சம்மாள். போன் செய்து கேட்டேன். "எம் பேரை வைங்கன்னு நான் கேப்பனாம்மா? பள்ளிக்கூடத்துல என்னைய எப்படில்லாம் கூப்பிட்டுச் சிரிச்சாங்கன்னு எனக்குல்லா தெரியும். அதான் அம்மன் பேரைச் சொல்லுதேன்" என்றார்.

அத்தைக்கு முன் பிறந்த இரண்டு குழந்தைகள் தங்கவில்லையாம். மூன்றாவதாவது பிழைக்கட்டும் என்று, சாமியிடம் பிச்சையாக வாங்கியதாகச் சொல்லி வைத்த பெயர் அது. குப்பம்மாள் என்ற பெயரும் அந்த வகைதான். குழந்தையைக் குப்பையில் கிடத்தி எடுத்து, 'இது விலையில்லாத பொருள்' என்று எமனை ஏமாற்றப் பார்த்த வழக்கம். பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து இறந்துபோன காலத்தின் பயம் அந்தப் பெயர்களில் இருக்கிறது. கேட்க நன்றாக இல்லைதான். ஆனால், 'இவள் வாழ வேண்டும்' என்று யாரோ கெஞ்சி வைத்த பெயர் அது.

போதும்பொண்ணு அப்படியல்ல. 'வேண்டாம்' என்றே பெயர் வைக்கப்பட்ட பெண்களைப் பற்றி, திருத்தணி பக்கத்திலிருந்து 2019-ல் செய்திகள் வந்தன. அப்படி வைத்தால் அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்று நம்பினார்கள். மகாராஷ்டிராவில் இதே அர்த்தத்தில் 'நகுஷா' என்று வைப்பார்கள். 2011-ல் சதாரா மாவட்ட நிர்வாகம் ஒரு விழாவே நடத்தி, அப்படிப் பெயர் சுமந்த 285 சிறுமிகளுக்குப் புதுப் பெயர் சூட்டியது. இந்தப் பெயர்கள் திரும்பவே வேண்டாம். பாரம்பரியம் என்று யாராவது சொன்னாலும் வேண்டாம்.

கருப்பாயி, மாரியம்மாள், இசக்கியம்மாள், பேச்சியம்மாள் போன்ற பெயர்களிடம் அப்படி எந்தக் குற்றமும் கிடையாது. எல்லாம் ஊரைக் காக்கும் தெய்வங்களின் பெயர்கள். ஆனால் காமெடி காட்சியில் வேலைக்கார அம்மாவுக்கும், பட்டிக்காட்டுப் பாட்டிக்கும் இவற்றைச் சூட்டிச் சூட்டியே நமக்குச் சிரிப்புப் பழகிவிட்டது. குந்தவையைக் கொண்டாடிவிட்டு கருப்பாயிக்குச் சிரித்தால், நமக்குப் பிரச்னை பழைமை இல்லை. அந்தப் பெயரை வைத்திருந்தவர்கள் எந்தத் தெருவில் இருந்தார்கள், என்ன வேலை பார்த்தார்கள் என்பதுதான்.

மதுரைப் பக்கம் வயல் வேலை பார்த்த பெண்களைத் திரட்டி சுய உதவிக் குழுக்களாக்கிய சின்னப்பிள்ளையின் காலைத் தொட்டு, 2001-ல் டெல்லி விருது மேடையில் வணங்கினார் அன்றைய பிரதமர் வாஜ்பாய். நூறு வயதைக் கடந்தும் வயலில் இறங்கிய தேக்கம்பட்டி பாப்பம்மாளுக்கு 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அக்கா கர்ப்பமாக இருந்தபோது விண்ணப்பித்த மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் பெயரே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. திட்டத்துக்கு வைக்கலாம், தெருவுக்கு வைக்கலாம், தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கு மட்டும் கூடாதா?

அக்காவின் பயத்தையும் நான் தள்ளிவிட முடியாது. "நீ கட்டுரை எழுதிட்டுப் போயிடுவ. எல்.கே.ஜி-யில நாலு ஆத்யாவுக்கும் மூணு வேதிகாவுக்கும் நடுவுல உட்காரப்போறது என் பொண்ணு" என்றாள். நியாயம்தான். அத்தையே பட்ட கஷ்டம் அது. என்ன, அங்கே சிரிக்கப்போகும் பிள்ளைகளுக்குச் சிரிக்கக் கற்றுக்கொடுப்பது குரூப்பில் எமோஜி போடுகிற என்னைப் போன்ற சித்திகள்தான்.

அவசரம் ஒன்றுமில்லை. பெயர் இல்லாமலேயே பிறப்பைப் பதிவு செய்யலாம், 12 மாதங்களுக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகும் தாமதக் கட்டணம் கட்டி 15 வருடங்கள் வரை சேர்க்க முடியும். அக்கா இன்னும் முடிவெடுக்கவில்லை. அத்தான் வழக்கம்போல, "உங்க இஷ்டம்" என்று ஒதுங்கிக்கொண்டார்.

நேற்று வீடியோ காலில் பார்த்தேன். அத்தை பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே, "கோமு... எங்க கோமு... காலை நீட்டு பாப்போம்" என்று கொஞ்சிக்கொண்டிருந்தார். பக்கத்தில் துண்டோடு நின்ற அக்கா ஒன்றும் சொல்லவில்லை. குரூப்பில் போட்டிருந்த அந்த எமோஜியை நான் எடுத்துவிடப் பார்த்தேன். நாளாகிவிட்டதால், எல்லோருக்கும் சேர்த்து அழிக்க முடியவில்லை.