குருத்து காய்வதற்கு முன்

சம்பா நட்டு மூன்று நான்கு வாரம் ஆன வயலில், பச்சைக்கு நடுவே ஒரே ஒரு குருத்து பழுத்து நின்றால் போதும், டெல்டா விவசாயி வரப்பிலிருந்து இறங்கிவிடுவார். அந்தக் குருத்தை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுப்பார். சிரமமில்லாமல் கையோடு வந்துவிட்டால் அடியை முகர்ந்து பார்ப்பார். கடித்த தடமும் அழுகல் வாடையும் இருந்தால் தண்டுத்துளைப்பான் உள்ளே புகுந்தாயிற்று. இதைக் கோட்டை விட்டால் அடுத்த சேதி கதிர் வெளிவரும்போதுதான் வரும். வெள்ளை வெளேரென்று நிமிர்ந்து நிற்கும் வெண்கதிர், உள்ளே எல்லாம் சாவி. அந்த நேரத்தில் எந்த மருந்தை அடித்தாலும் போன கதிர் திரும்பாது. பூமியில் நடக்கிற இவ்வளவு நுட்பமான மாற்றத்தைப் படிக்கத் தெரிந்த அதே மனிதர், காலிலிருந்து செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் நாலடி நடந்துவிட்டு, ‘கால் கொஞ்சம் மதமதப்பா இருக்கு’ என்று சொல்லி அதோடு விட்டுவிடுகிறார். நீரிழிவு நரம்பைத் தின்னத் தொடங்கியதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேறு இல்லை.

இது அறியாமையால் வருவதென்று சொல்வது எளிது. நகரத்தில் உட்கார்ந்து சொல்வது இன்னும் எளிது. உடம்பு பேசாமல் இல்லை, நாமும் கேட்காமல் இல்லை. பேசுவதற்கு முன்பே பதிலை வைத்திருக்கிறோம் என்பதுதான் சிக்கல். அசதி, சூடு, வாயு என்ற மூன்று சொற்களுக்குள் எந்த நோவையும் அடக்கிவிடலாம். மூச்சு வாங்கினால் அசதி, சிறுநீர் எரிந்தால் சூடு, நெஞ்சை அடைத்தால் வாயு. மூன்றும் பொய்யான சொற்கள் அல்ல. பத்தில் பல தடவை அவை சரியாகவே இருக்கும். சரியாக இருந்த தடவைகள் கொடுத்த நம்பிக்கைதான், தவறும் அந்த ஒரு தடவையை நம் கண்ணிலிருந்து மறைக்கிறது.

நீர்க்கடுப்பை எடுத்துக்கொள்வோம். குறுவை நடவு விழும் ஜூன், ஜூலை மாதங்களில் காலையில் வயலில் இறங்கும் பெண்கள் முதுகு வளைத்து மணிக்கணக்கில் சேற்றில் நிற்கிறார்கள். ஒதுங்க மறைவிடம் கிடையாது. ஆகவே தண்ணீரைக் குடிக்காமலே இருந்து பழகிக்கொண்டவர்கள் அநேகம். வெயில் மேலே, ஈரப்பசை கீழே, வியர்வையோ நிற்காமல். மாலையில் சிறுநீர் மஞ்சளாகி எரிகிறது. ‘உடம்பு சூடு’ என்று இளநீரோ வெந்தயமோ எடுத்துக்கொள்கிறார்கள். அதுவரை பாதகமில்லை. இடுப்பு வலிக்கென்று கடையில் வாங்கும் வலி மாத்திரையும் சேரும்போதுதான் ஆபத்து. நீர் வற்றிய உடம்பில் அந்த மாத்திரை சிறுநீரகத்துக்கு இரட்டைச் சுமை. உலகத்தின் மறுகோடியில் நிகரகுவாவின் கரும்புத் தோட்டங்களிலும் இதே கதைதான். அங்கே வெட்டுத் தொழிலாளர்கள் இந்த எரிச்சலைச் ‘சிஸ்டாட்டா’ என்கிறார்கள். நமக்கு நீர்க்கடுப்பு எப்படியோ அப்படி அவர்களுக்கு அது அன்றாடச் சொல். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் இல்லாத இளைஞர்கள் அங்கே சிறுநீரகம் செயலிழந்து இறந்த பிறகுதான், அந்தச் சாதாரணச் சொல்லை மருத்துவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நமக்கு இன்னும் பக்கத்தில், இலங்கையின் அனுராதபுரம் வட்டாரத்து நெல் விவசாயிகளிடம் 1990களிலிருந்து இப்படியொரு சிறுநீரக நோய் பரவியிருக்கிறது. குடிநீரா, பூச்சிமருந்தா, வெயிலா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் வெயில் உழைப்பும் நீரிழப்பும் சந்தேகப் பட்டியலில் முன்வரிசையில் இருக்கின்றன. ஒருநாள் எரிச்சலுக்கு யாரும் பதற வேண்டாம். வாரா வாரம் வந்தாலோ, சிறுநீர் நுரைத்தாலோ, காலையில் முகம் அதைத்தாலோ அதற்குச் சூடு என்ற பெயர் போதாது.

வாயுவைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. மூட்டை தூக்கி வரப்பில் நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், இறக்கி வைத்து நின்றால் சரியாகிறது. சரியாகிவிடுகிறது என்பதாலேயே மறந்துபோகிறது. உண்மையில் அப்படிச் சரியாவதுதான் இதயக் குழாய் அடைப்பின் அடையாளம். வாயுவுக்கு மூட்டையின் கனம் தெரியாது. நெஞ்சு இறுகி, வியர்த்துக் கொட்டினால் சோடா குடித்துக் காத்திருக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். ‘இதயம் காப்போம்’ திட்டத்தின் கீழ் 2023 முதல் அங்கே முதல் வேளை மாத்திரைகளை வைத்திருக்கிறார்கள்.

உடம்பு எல்லா நேரமும் பேசுமா என்று கேட்கலாம். இந்தக் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது, அதைக் கும்பகோணத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். யானைக்கால் நோயோடு அந்த ஊரின் பெயரே சேர்ந்து கிடந்த காலம் உண்டு. சாக்கடைக் கொசு கொண்டுவரும் அந்தப் புழு நிணநீர்க் குழாய்களில் வருடக்கணக்கில் குடியிருக்கும். வைத்திருப்பவரோ கல்லுக்குண்டாக நடமாடுவார். அதன் குஞ்சுகள் ரத்தத்தில் ஓடுவது இரவில். அதனால்தான் சுகாதாரப் பணியாளர்கள் ராத்திரியில் கதவைத் தட்டி விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். தொடை இடுக்கில் நெறி கட்டிக் காய்ச்சல் வரும்போது உடம்பு பேசத் தொடங்குகிறது என்றால், புழுவுக்கு அதற்குள் வயதாகியிருக்கும். ரத்த அழுத்தமும் இதே ரகம். 2020இல் தமிழ்நாட்டில் நடந்த ஆய்வில், ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கும் நீரிழிவு உள்ளவர்களில் 10.8 சதவீதம் பேருக்கும்தான் நோய் கட்டுப்பாட்டில் இருந்தது. மீதிப் பேரில் பலருக்கு எந்த வலியும் இருந்திருக்காது. விவசாயிக்கு இது புதிய பாடமும் அல்ல. குருத்து காயும்வரை காத்திராமல் விளக்குப்பொறி வைத்து, இரவில் எத்தனை அந்துப்பூச்சி விழுகிறது என்று எண்ணிப் பார்ப்பதில்லையா? பயிர் சொல்வதைக் கேட்பதும் பொறியில் எண்ணுவதும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல.

அடுத்த ஆட்சேபம் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும்: இப்படியே போனால் ஒவ்வொரு தும்மலுக்கும் ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள், கூலி போகும், பயம்தான் மிஞ்சும். இதுவும் வெறும் சாக்கு அல்ல. தென்கொரியாவில் 1999க்குப் பிறகு புற்றுநோய்ப் பரிசோதனைகளோடு தைராய்டு ஸ்கேனையும் மலிவாகச் சேர்த்துக் கொடுத்தார்கள். 2011இல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்ட விகிதம் 1993இல் இருந்ததைப்போல் 15 மடங்கு ஆனது. அதனால் இறப்பவர் விகிதம் மட்டும் அசையவில்லை. தேவையில்லாமல் கழுத்தை அறுத்துக்கொண்டவர்கள் ஆயிரக்கணக்கில். ஆகவே தேடுவதற்கும் அளவு வேண்டும். பூச்சி மேலாண்மையிலும் ஒரு புழுவைக் கண்டதும் மருந்தடிப்பதில்லை. காய்ந்த குருத்து பத்து சதவீதத்தைத் தொட்டால்தான் அடிக்கச் சொல்கிறார்கள். உடம்புக்கும் அப்படியொரு கணக்கு போடலாம். போன வருஷம் இல்லாதது இந்த வருஷம் வந்திருக்கிறதா, வந்தது திரும்பத் திரும்ப வருகிறதா, அதே வேலைக்கு இப்போது அதிகம் இளைக்கிறதா, காரணமில்லாமல் எடை இறங்குகிறதா, ஆறாத புண் இருக்கிறதா. இவற்றுக்கு ‘ஆம்’ என்றால் ஒருநாள் கூலியை இழக்கலாம். இதற்கு எந்த ‘மாஸ்டர் செக்கப்’ பேக்கேஜும் தேவையில்லை.

‘நம் தாத்தா எந்த டெஸ்ட் எடுத்தார்?’ என்பவர்களுக்குச் சித்த மருத்துவமே பதில் சொல்லும். எண்வகைத் தேர்வில் நாடியும் நாவும் விழியும் மட்டுமல்ல, சிறுநீரும் உண்டு; காலைச் சிறுநீரில் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு அது பரவும் வடிவத்தைப் பார்ப்பது நெய்க்குறி. அது எவ்வளவு சரி என்பது வேறு விவாதம். நோயாளியின் வாய்ச்சொல் மட்டும் போதாது என்று அன்றே முடிவு செய்திருந்தார்கள் என்பதுதான் இங்கே விஷயம். தஞ்சையை 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி, தன்வந்திரி மகாலில் பல மருத்துவ முறை வைத்தியர்களையும் சேர்த்து வைத்துக்கொண்டு, கண் நோயாளிகளின் விவரங்களைப் படத்தோடு பதிவும் செய்ய வைத்தார். அந்த ஏடுகள் இன்றும் சரஸ்வதி மகாலில் இருக்கின்றன.

உண்மையில் டெல்டாவில் ஆளைத் தின்பது பஞ்சாங்கம். நடவு முடியட்டும், களையெடுப்பு முடியட்டும், அறுப்பு முடியட்டும், பொங்கல் கழியட்டும் என்று உடம்புக்கான முறை வருவதேயில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுக் கதவைத் தட்டுகிறது. நல்ல திட்டம்தான், ஆனால் நடவாட்கள் அந்த நேரத்தில் வயலில் இருப்பார்கள். அவர்களும் நிலக்காரர்களும் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் இடம் ஒன்று உண்டென்றால் அது அறுவடை காலத்து நேரடி நெல் கொள்முதல் நிலையம். குவித்த நெல்லுக்குப் பக்கத்தில் தார்ப்பாயோடு நாள்கணக்கில் காத்திருக்கிறார்கள். நெல்லைப் பல்லில் கடித்துப் பார்த்து ‘நல்லா காஞ்சிருக்கு’ என்று சொன்னால் அங்கே எடுபடாது. மீட்டரில் வைத்து ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் காட்ட வேண்டும். அந்த மீட்டர் இருக்கும் மேசையிலேயே ரத்த அழுத்தக் கருவி ஒன்றையும், சர்க்கரை பார்க்கும் கருவி ஒன்றையும், சிறுநீரில் புரதம் பார்க்கும் பட்டைகள் கொஞ்சத்தையும் வைக்க எத்தனை ரூபாய் ஆகும்?