எனக்காக நின்ற கையெழுத்துகள்!



இந்தப் பகுதியில் கோலம், ஒயர் கூடை, மாடித் தோட்டம் என்று எத்தனையோ பொழுதுபோக்குகளைப் பற்றிப் படித்திருக்கிறேன். என்னுடையதைச் சொன்னால் சிரிப்பீர்கள். கிரிக்கெட் வீரர்களை நேரில் பார்த்து ஆட்டோகிராப் வாங்குவது! எனக்கு வயது 37. பத்தாவது வரை படித்த இல்லத்தரசி. பத்து வயதில் தொற்றிக்கொண்ட இந்தப் பைத்தியம் இன்னும் தெளியவில்லை.

பிறந்து வளர்ந்தது திருவல்லிக்கேணி. சேப்பாக்கம் மைதானத்தில் யாராவது சிக்ஸர் அடித்தால் எங்கள் தெருவரை சத்தம் கேட்கும். அப்பாவுக்கு அச்சகத்தில் பைண்டிங் வேலை. நாள் முழுக்கப் பசையும் ஊசியுமாக இருப்பார். கிரிக்கெட் என்றால் மட்டும் சோறு தண்ணீர் வேண்டாம். அச்சகத்தில் மீந்த காகிதத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்து, பச்சைத் துணி அட்டை போட்டு, உள்ளங்கை அளவில் எனக்கொரு நோட்டு செய்து கொடுத்தார். அதுதான் என் ஆட்டோகிராப் புத்தகம்.

1999 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. இந்தியா - பாகிஸ்தான் டெஸ்ட். அச்சக முதலாளி கொடுத்த டிக்கெட்டில் அப்பா என்னை அழைத்துப் போனார். ஜெயிக்க 271 ரன் வேண்டும். சச்சின் முதுகு வலியோடு 136 அடித்தார். அவர் அவுட்டான பிறகு மளமளவென்று விக்கெட் விழுந்து, 258-ல் எல்லாம் முடிந்தது. வெறும் 12 ரன்னில் தோல்வி! நான் அழுதேவிட்டேன். ஆனால் சுற்றியிருந்த கூட்டம் எழுந்து நின்று, மைதானத்தைச் சுற்றி வந்த பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டியது. "நல்லா ஆடினவங்களுக்குத் தட்டணும்மா. நம்ம ஆளா, அடுத்த ஆளான்னு பாக்கக்கூடாது" என்று அப்பா என் கைகளைச் சேர்த்துப் பிடித்துத் தட்ட வைத்தார்.

நட்சத்திர வீரர்களை நெருங்குவது கஷ்டம் என்று அப்பாவுக்குத் தெரியும். அதனால் லீக் போட்டிகளுக்கு அழைத்துப் போவார். டிக்கெட் கிடையாது, மரத்தடியில் உட்கார்ந்து பார்க்கலாம். ரஞ்சி ஆடும் பெரிய வீரர்கள், ஏன், வெளி மாநிலத்துக்காரர்கள் கூட சென்னையில் கம்பெனி அணிகளுக்காக லீக் ஆடுவார்கள். ஆட்டம் முடிந்து பையைத் தூக்கிக்கொண்டு வரும்போது நோட்டை நீட்டினால், "உன் பேர் என்னம்மா?" என்று கேட்டுப் போட்டுக் கொடுப்பார்கள்.

அதற்கும் அப்பா சட்டம் வைத்திருந்தார். வெற்றுப் பக்கத்தைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றித் தயாராக நீட்டணும். சாப்பிடும்போதும், குழந்தையோடு வரும்போதும், பூஜ்யத்தில் அவுட்டாகி வரும்போதும் கேட்கக்கூடாது. மாட்டேன் என்றால் முகம் சுளிக்காமல் நன்றி சொல்லணும். ராத்திரி தூங்குமுன் கையெழுத்தின் கீழே தேதியும் இடமும் பென்சிலால் எழுதணும். முக்கியமாக, வாங்கியதை யாருக்கும் விற்கக்கூடாது!

2001 மார்ச்சில் ஆஸ்திரேலியா வந்தது. ஹர்பஜன் 15 விக்கெட் எடுத்து, இந்தியா இரண்டே விக்கெட்டில் ஜெயித்ததே, அந்த டெஸ்ட். அப்போது நான் பெரியவளாகி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. "வயசுக்கு வந்த பொண்ணு ஆம்பளைப் பசங்களோட கேட்டுல போய் நிப்பாளா?" என்று பாட்டி ஒரே பிடிவாதம். அப்பா பதில் பேசவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு தான் மட்டும் போனார். ராத்திரி சிவப்பு மையில் பெரிய கையெழுத்து ஒன்றோடு வந்தார். யாருடையது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், அதனால் சொல்லவில்லை.

நான் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இது நீ வாங்கினதுப்பா. நான் வாங்கினது இல்லையே" என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன். மூன்று மணி நேரம் வெயிலில் கால் கடுக்க நின்றவரிடம் சொல்கிற பேச்சா அது? ஆனால் அப்பா கோபப்படவில்லை. மறுநாள் காலை பாட்டியிடம், "அவ நிக்கிற இடத்துல நானும் நிப்பேன். போதுமாம்மா?" என்று கேட்டுவிட்டு என்னைக் கையோடு கூட்டிப் போனார்.

2009-ல் கல்யாணமாகி ஆவடி வந்தேன். அப்போது நோட்டில் 64 கையெழுத்துகள். புகுந்த வீட்டில் யாரும் என்னைத் தடுக்கவில்லை, உண்மையைச் சொல்லணும். சமையல், பிள்ளை, பள்ளிக்கூடம் என்று நானாகத்தான் நின்று போனேன். நோட்டு பரணுக்குப் போனது. 2013-ல் அப்பாவும் போய்விட்டார்.

2017 போகி. விடியற்காலை வாசலில் பழைய பாய், துடைப்பத்தோடு ஒரு நோட்டுக் கட்டும் எரிந்துகொண்டிருந்தது. மகளின் பழைய நோட்டுகளோடு சேர்த்து என் மாமியார் அதையும் கட்டிப் போட்டிருக்கிறார்! பச்சை அட்டை கண்ணில் பட்டதும் வெறுங்கையாலேயே இழுத்துவிட்டேன். விரல் கொப்பளித்தது. 39 கையெழுத்துகள் தப்பின. கருகிய 25-ல் அப்பா வாங்கி வந்த அந்தச் சிவப்பு மைக் கையெழுத்தும் ஒன்று. எது வேண்டாம் என்று அன்றைக்கு மூஞ்சியைத் திருப்பினேனோ, அதற்காகத்தான் அன்று முழுக்க அழுதேன்.

"ஏதோ கிறுக்கல்னு நெனச்சிட்டேம்மா..." என்று மாமியாரும் கலங்கிவிட்டார். அவர்மேல் என்ன தப்பு? அது என்னவென்று எட்டு வருஷத்தில் ஒரு நாளாவது நான் வாய் திறந்து சொன்னேனா? அன்று ராத்திரிதான் தப்பிய பக்கங்களை ஒவ்வொன்றாகக் காட்டிக் கதை சொன்னேன். மாமியாரும் மகளும் வாயைப் பிளந்து கேட்டார்கள்.

2024 ஜூன் மாதம் பெண்கள் டெஸ்ட் சேப்பாக்கத்தில் நடக்கிறது என்று பேப்பரில் பார்த்தவரே மாமியார்தான். "பொம்பளைப் பசங்க ஆடுறாங்களாம்மே, போலாமா?" என்றார். எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு, மூன்றாம் நாள், ஜூன் 30 ஞாயிறன்று மூன்று தலைமுறையாகக் கிளம்பினோம். தீயில் தப்பிய நோட்டும் கைப்பையில் வந்தது.

அதற்கு முன்பே ஷஃபாலி வர்மா 205, ஸ்மிருதி மந்தனா 149 அடித்து, இந்தியா 6 விக்கெட்டுக்கு 603 ரன் குவித்திருந்தது. ஸ்னே ராணா சுழலில் 77 ரன்னுக்கு 8 விக்கெட்! 266-ல் சுருண்டு மறுபடி ஆட வந்த தென்னாப்பிரிக்கப் பெண்கள் அசந்து போகவில்லை. சுனே லூஸ் 109 அடித்தார். செஞ்சுரி போட்டதும் என் மகள் உம்மென்று உட்கார்ந்திருக்க, மாமியார் எழுந்து நின்று கைதட்டினார். "அந்தப் பொண்ணும் கஷ்டப்பட்டுத்தானே ஆடுது!" அப்பாவே பக்கத்தில் இருப்பதுபோல் எனக்குத் தொண்டை அடைத்தது.

மாலையில் ஆட்டத்தில் இல்லாத தென்னாப்பிரிக்க வீராங்கனைகள் சிலர் எல்லைக்கோட்டு ஓரம் நடந்து போனார்கள். எனக்குக் கூச்சம். 37-ஐ நெருங்குகிற வயதில் போய் நோட்டை நீட்டுவதா? மாமியார் விடவில்லை. "இந்தாம்மா பொண்ணே! இங்க வா கண்ணு!" என்று போட்டாரே ஒரு சத்தம்! தமிழ் புரிந்ததோ இல்லையோ, அந்தப் பெண் சிரித்துக்கொண்டே வந்துவிட்டாள். வெற்றுப் பக்கத்தைத் திறந்து, மூடியைக் கழற்றி நீட்டினேன். கருகிய ஓரத்தைப் பார்த்தவள், ஜாக்கிரதையாகத் தள்ளிக் கையெழுத்துப் போட்டாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அது யார் கையெழுத்து என்று எங்களுக்குள் இன்னும் சண்டை! எழுத்து புரியவில்லை. மாமியார் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "யாரா இருந்தா என்ன? கூப்பிட்ட குரலுக்கு நின்னாளே!" 2025 நவம்பர் 2-ல் நவி மும்பையில் நம் பெண்கள் உலகக் கோப்பை வென்றபோது, தோற்றதும் தென்னாப்பிரிக்காதான். நாங்கள் குதிக்க, மாமியார் மட்டும் "எம் பொண்ணு அழுறாளா பாரு" என்று டி.வி.யில் தேடிக்கொண்டிருந்தார்.

இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2023 மே 14 அன்று இதே சேப்பாக்கத்தில், டெஸ்டில் முதன்முதலில் பத்தாயிரம் ரன் எடுத்த கவாஸ்கரே தோனியிடம் போய்ச் சட்டையில் ஆட்டோகிராப் வாங்கினார். அவருக்கு வயது 73!

தோழிகளே, உங்கள் பரணிலும் ஏதாவது ஒரு நோட்டு இருக்கும். பாட்டு நோட்டோ, தபால்தலை ஆல்பமோ. போகிக்கு முன்னால் ஒருமுறை இறக்கிப் பாருங்கள். அது என்னவென்று வீட்டில் உள்ளவர்களிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நாம் சொல்லாமல் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

- ஒரு வாசகி, ஆவடி.