முதல்வர் அறைக்கும் வகுப்பறைக்கும் நடுவே

பல ஆண்டுகள் நன்றாகக் கற்பித்த ஓர் ஆசிரியருக்குத் துறைத் தலைவர் பதவி வருகிறது. முந்தின வாரம் வரை பக்கத்து மேசையில் உட்கார்ந்து சேர்ந்து தேநீர் குடித்தவர்கள் இப்போது அவருடைய பொறுப்பில் இருக்கிறார்கள். யாருக்கு எந்த வகுப்பு என்று பிரிப்பது, தேர்வுத்தாளைச் சரிபார்ப்பது, மதிப்பெண் சரிந்தால் முதல்வருக்குப் பதில் சொல்வது, பெற்றோர் புகாரைக் கேட்பது, புதிதாக வந்தவருக்குக் கைகொடுப்பது எல்லாம் இனி அவர் வேலை. தன் வகுப்புகளையும் எடுத்தாக வேண்டும். பிள்ளைகளுக்கு நன்றாகக் கற்பித்ததால்தான் பதவி கிடைத்தது. பதவி கேட்கும் திறமையோ வேறு. தன்னை ஒத்த ஒருவரை, சில சமயம் தன்னைவிட மூத்தவரை, இன்னும் நன்றாகக் கற்பிக்க வைக்க வேண்டும். அதை அவருக்கு யார் சொல்லித் தந்தார்கள்?

உலகின் பெரும்பாலான பள்ளிகளில் யாரும் சொல்லித் தருவதில்லை. விட்டால் தானே நீந்தக் கற்றுக்கொள்வார் என்று தண்ணீரில் தள்ளிவிடுகிறார்கள். இந்த வழக்கத்தை மாற்றத் தொடர்ந்து முயன்ற நாடுகளில் சிங்கப்பூர் ஒன்று. அங்கே பள்ளித் துறைத் தலைவர்களுக்கான முறையான பயிற்சி 1980களிலேயே பட்டயப் படிப்பாகத் தொடங்கிவிட்டது. 2007இல் அதன் இடத்துக்கு ‘பள்ளி நிர்வாகமும் தலைமைத்துவமும்’ என்ற பயிற்சித் திட்டம் வந்தது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தேசியக் கல்விக் கழகம் இதை நடத்துகிறது. பயிற்சிக்காலம் 17 வாரம், முழுநேரம். அந்த நாட்களில் துறைத் தலைவர் பள்ளிக்குப் போக வேண்டியதில்லை. செலவைக் கல்வி அமைச்சு ஏற்கிறது. வேலைக்கு நடுவே சனிக்கிழமைப் பயிலரங்குக்கு ஓடி வந்து, சான்றிதழோடு திரும்பும் பயிற்சி வேறு, இது வேறு.

இந்தப் பயிற்சி யாருக்கு என்பதற்கும் ஒரு தெளிவு உண்டு. 2001இல் சிங்கப்பூர் ஆசிரியர்களுக்கு மூன்று பணிப்பாதைகளை வகுத்தது. வகுப்பறையிலேயே வளர விரும்புபவர் மூத்த ஆசிரியர், முன்னணி ஆசிரியர், தலைமை ஆசான் என்று உயரலாம். பாடத்திட்டம், ஆய்வு போன்றவற்றில் ஆழ்ந்தவருக்கு நிபுணர் பாதை. மூன்றாவது, தலைமைப் பாதை. பாடத் தலைவர், துறைத் தலைவர், துணை முதல்வர், முதல்வர் என்று போகும். சம்பள உயர்வு வேண்டுமானால் நிர்வாகத்துக்குப் போயே ஆக வேண்டும் என்ற நிலையை இந்த ஏற்பாடு தளர்த்தியது. நல்ல ஆசிரியர் ஒருவர் மனமில்லாமல் துறைத் தலைவராவதைப்போல ஒரு பள்ளிக்கு இழப்பு வேறில்லை. நல்ல ஆசிரியரும் போய்விடுகிறார், நல்ல தலைவரும் கிடைப்பதில்லை.

துறைத் தலைவர் என்ற இந்த நடுப்படிக்கு இவ்வளவு செலவு தேவையா? சிங்கப்பூரில் முதல்வர்கள் ஒரே பள்ளியில் நிலைப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அமைச்சு அவர்களை வேறு பள்ளிக்கு மாற்றுகிறது. ஆனால் முதல்வர் மாறினாலும் கணிதத் துறை தொடர்ந்து இயங்க வேண்டும். எந்த வகுப்பில் பின்னம் புரியவில்லை, எந்த ஆசிரியர் மாதக்கணக்காகச் சோர்ந்திருக்கிறார் என்பதெல்லாம் துறைத் தலைவருக்கு முதலில் தெரிகிறது. முதல்வருக்கு அது பல வாரம் கழித்து, பெரும்பாலும் எண்ணாக மாறித்தான் போய்ச் சேர்கிறது.

2008இல் நியூசிலாந்தின் கல்வி ஆய்வாளர் விவியன் ராபின்சனும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, பள்ளித் தலைமையின் செயல்களை ஐந்து வகையாகப் பிரித்து, மாணவர் கற்றலில் ஒவ்வொன்றுக்கும் உள்ள பங்கை அளந்தது. ஆசிரியர்கள் கற்பதற்கு வழிசெய்து, தானும் அவர்களோடு உட்கார்ந்து கற்பதுதான் முதலில் வந்தது. அதன் தாக்கத்தின் அளவு 0.84. அடுத்து வந்தவை 0.42, சரியாகப் பாதி. அந்தத் தொகுப்பில் இருந்த ஆய்வுகள் குறைவு என்பதால் எண்ணை அப்படியே சட்டமாக்க முடியாது. ஆனால் அது காட்டும் திசை, பள்ளியில் வேலை செய்த எவருக்கும் தெரிந்ததே. ஆசிரியரோடு உட்கார்ந்து கற்க முதல்வருக்கு எத்தனை நாள் முடியும்? பெரிய பள்ளியில் அந்த வேலை துறைத் தலைவர் வழியாகத்தான் நடக்கும்.

இங்கேதான் கோச்சிங், அதாவது உடனிருந்து கேள்வி கேட்டு ஒருவரைத் தானே வழி காண வைப்பது, வருகிறது. விளையாட்டுத் திடலில் தொடங்கி, அலுவலகங்களுக்குப் போய், பள்ளிக்குள் நுழைந்த முறை இது. டென்னிஸ் பயிற்சியாளர் திமோத்தி கால்வே 1974இல் எழுதிய நூலிலிருந்து பிறந்த எண்ணத்தை, முன்னாள் கார் பந்தய வீரர் ஜான் விட்மோர் 1992இல் அலுவலகங்களுக்கான நூலாக்கினார். எதை அடைய வேண்டும், இப்போது எங்கே இருக்கிறோம், என்னென்ன வழிகள் உண்டு, எதைச் செய்யப் போகிறோம் என்ற நான்கு கேள்விகளின் வரிசை அந்த நூலால்தான் பரவியது. அதற்கும் முன்பே, 1980களின் தொடக்கத்தில், அமெரிக்கக் கல்வி ஆய்வாளர்களான புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் ஆசிரியர்களைப் பற்றி ஒன்றைச் சொல்லியிருந்தார்கள். ஒரு புதிய கற்பித்தல் முறையைப் பயிலரங்கில் விளக்கினாலும், செய்தே காட்டினாலும், அது வகுப்பறைக்குள் போய்ச் சேர்வது அரிது. பயிலரங்குக்குப் பிறகு சொந்த வகுப்பில் அதைச் செய்து பார்க்கும்போது உடன் ஒருவர் இருந்தால்தான் அது வழக்கமாகிறது.

நடைமுறையில் இது எப்படி இருக்கும்? சிங்கப்பூரில் உயர்நிலை இரண்டில் ஒரு தமிழ் வாய்மொழி வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். பாடத் தலைவர் பின்வரிசையில் அமர்ந்து பார்த்துவிட்டு வருகிறார். பிறகு நடக்கும் பேச்சு பல பள்ளிகளில் இப்படி முடிந்துவிடும்: “பாடம் நல்லா இருந்துச்சு. மாணவர்கள இன்னும் ஈடுபடுத்தலாம். நேரத்தக் கொஞ்சம் பாத்துக்குங்க. கேள்விகள் ஆழமா இருக்கலாம்.” ஆசிரியை தலையாட்டுகிறார். மறுவாரமும் அதே பாடம் அதே மாதிரி நடக்கும். நான்கு அறிவுரையில் எதை முதலில் செய்வது என்று அவருக்குத் தெரியாது.

இன்னொரு விதமாகவும் பேசலாம்.

“இன்னைக்கு யார் யார் பேசினாங்கன்னு குறிச்சு வச்சிருக்கேன். பாக்கறீங்களா?”

“இந்த ரெண்டு பேர்தான் பேசியிருக்காங்களா? நிறைய பேர் பேசின மாதிரி இருந்துச்சே.”

“மத்தவங்க ஏன் பேசலன்னு நெனைக்கிறீங்க?”

“வீட்ல இங்கிலீஷ் பேசற பிள்ளைங்க. வாக்கியத்த மனசுல கட்ட நேரம் வேணும். நான்தான் காத்திருக்காம அடுத்த ஆளுக்குப் போயிட்டேன்.”

“அப்போ அடுத்த வகுப்புல என்ன மாத்திப் பாக்கலாம்?”

“கேள்வி கேட்டதும் பக்கத்துல இருக்கறவங்ககிட்ட முதல்ல பேசச் சொல்றேன். அதுக்கப்புறம் பேர் சொல்லிக் கேக்கறேன்.”

“சரி, வியாழக்கிழமை வரேன். அத மட்டும் பாப்போம்.”

பாடத் தலைவர் இங்கே ஓர் அறிவுரையும் சொல்லவில்லை. கண்ணால் கண்டதைத் தாளில் வைத்தார். காரணத்தை ஆசிரியையே கண்டுபிடித்தார். மாற வேண்டியது ஒன்றே ஒன்று, அதற்கும் ஒரு நாள் குறித்தாயிற்று. பார்ப்பதற்கு எளிது. ஆனால் பல ஆண்டுகளாக விடை சொல்லியே பழகியவருக்கு, விடை தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு கேள்வி கேட்பதைவிடக் கடினமான காரியம் இல்லை. 17 வாரத்தில் வேறு எது விட்டுப்போனாலும் இந்த ஒன்று கைவர வேண்டும் என்பேன்.

பலன் உண்டா என்பதற்கு ஓரளவு உறுதியான பதில் இருக்கிறது. மேத்யூ கிராஃப்ட், டேவிட் பிளேசர், டிலன் ஹோகன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2018இல் 60 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். ஆசிரியர் கோச்சிங்கால் கற்பித்தலின் தரம் 0.49 திட்ட விலக்கமும், மாணவர் அடைவு 0.18 திட்ட விலக்கமும் உயர்ந்தன. கல்வி ஆய்வுகளில் இது பெரிய உயர்வு. அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. நூறு ஆசிரியருக்கு மேல் விரிந்த திட்டங்களில் பலன் ஏறத்தாழப் பாதியாகவோ அதற்கும் கீழோ இறங்கியது. கோச்சிங் ஆட்களைப் பொறுத்த வேலை. தேர்ந்தவர் பத்துப் பேர் செய்ததை ஆயிரம் பேரிடம் சுற்றறிக்கையால் செய்ய முடிவதில்லை. மாநிலம் முழுக்க, நாடு முழுக்க என்று ஒரே நாளில் தொடங்கும் திட்டங்களைப் பார்க்கும்போது இந்த வரி நினைவுக்கு வர வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று சிங்கப்பூரின் அமைப்புக்குள்ளேயே இருக்கிறது. அங்கே துறைத் தலைவர் வெறும் வழிகாட்டி அல்ல. தன் கீழுள்ள ஆசிரியர்களின் ஆண்டு மதிப்பீட்டை எழுதும் அதிகாரியாகவும் அவரே பெரும்பாலும் இருக்கிறார். அந்த மதிப்பீட்டில் கிடைக்கும் தரம் ஊக்கத்தொகையையும் பதவி உயர்வையும் தொடுகிறது. “நான்தான் காத்திருக்காம போயிட்டேன்” என்று அந்த ஆசிரியை மனம்விட்டுச் சொன்னது, ஆண்டு முடிவில் தன் தரத்தை எழுதப்போகிறவரிடம் என்றால்? புத்திசாலி ஆசிரியர் எவரும் குறையை மறைத்து நிறையைத்தான் காட்டுவார். பார்வையாளர் வரும் நாளுக்கென்று தனியாக ஒரு பாடம் தயாராகும். குறை வெளியே வராத இடத்தில் கோச்சிங்குக்கு வேலை இல்லை.

ஜாய்ஸும் ஷவர்ஸும் இதே சுவரில் முட்டினார்கள். 1996இல் எழுதிய கட்டுரையில், சக ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் கோச்சிங் செய்யும் தங்கள் முறையிலிருந்து பின்னூட்டம் சொல்வதையே நீக்கிவிட்டதாக அறிவித்தார்கள். சமமான இருவர் பேசும்போதுகூட, பின்னூட்டம் என்று வந்தால் ஒருவர் மேற்பார்வையாளராக மாறிவிடுகிறார் என்பது அவர்கள் கண்டது. சமமானவர்களுக்கே இப்படி என்றால், தரம் எழுதுபவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. தரம் போடுவதை விட்டவர்களும் உண்டு. இங்கிலாந்தில் பள்ளிகளைப் பார்வையிட்டு மதிப்பிடும் அமைப்பான ஆஃப்ஸ்டெட், அப்படிப் பார்வையிடும்போது தனித்தனிப் பாடங்களுக்குத் தரம் போடுவதை 2014இல் கைவிட்டது. அங்கே 2021இல் துறைத் தலைவர் போன்ற இடைநிலைத் தலைவர்களுக்கான தகுதிப் படிப்பும் மாறியது. பொதுவான நிர்வாகப் படிப்பாக இருந்தது, கற்பித்தலை வழிநடத்துவது, ஆசிரியர் வளர்ச்சியை வழிநடத்துவது, ஒழுங்கையும் பள்ளிப் பண்பாட்டையும் வழிநடத்துவது என்று தனித்தனியாகப் பிரிந்தது. கோப்பு பார்ப்பதும் ஆளை வளர்ப்பதும் வேறு வேறு கலைகள் என்று ஒப்புக்கொண்ட மாற்றம் அது. நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன்.

சிங்கப்பூரில் இதற்கு ஒரு வழி கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. தரம் எழுதும் பொறுப்பு இல்லாத மூத்த ஆசிரியரையோ முன்னணி ஆசிரியரையோ கோச்சிங்குக்கு விட்டுவிடலாம். அவரை வளர்ப்பதும், அவருக்கு நேரம் ஒதுக்குவதும் துறைத் தலைவரின் வேலையாகட்டும். தானே செய்துதான் தீர வேண்டிய சிறிய துறைகளில், எந்த வகுப்புப் பார்வை மதிப்பீட்டுக்கு, எது கற்றுக்கொள்வதற்கு மட்டும் என்று முன்கூட்டியே சொல்லி, சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும். ஒருமுறை மீறினால் அந்தத் துறையில் பிறகு யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள்.

தமிழாசிரியர்களின் நிலை இதில் தனி. பல சிங்கப்பூர்ப் பள்ளிகளில் சீனம், மலாய், தமிழ் மூன்றும் தாய்மொழித் துறை என்ற ஒரே குடையின் கீழ் வருகின்றன. துறைத் தலைவருக்குத் தமிழ் தெரியாமல் இருப்பது சாதாரணம். தமிழாசிரியர்களும் ஒரு பள்ளியில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். மாணவர் எத்தனை பேர் பேசினார்கள், ஆசிரியர் எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்பதை மொழி தெரியாதவரும் பார்த்துச் சொல்லலாம். எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் நடுவே திணறும் பிள்ளையை எப்படிப் பேச வைப்பது என்பதை அவரால் சொல்ல முடியாது. அதற்குத் தமிழ் கற்பித்த கை வேண்டும். ஆகவே தமிழாசிரியரின் வளர்ச்சி ஒரு பள்ளியின் சுவருக்குள் முடிவதில்லை. உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையமும், பள்ளிகளுக்கிடையே உள்ள ஆசிரியர் குழுக்களும், தலைமை ஆசான்களும் அங்கே கூடுதல் பாரத்தைச் சுமக்கிறார்கள். பொதுவான கேள்வி கேட்கும் திறன் ஒரு பக்கம், பாட அறிவு மறு பக்கம். தமிழாசிரியருக்கு இரண்டும் இரண்டு ஆட்களிடமிருந்துதான் கிடைக்கும் என்றால், அந்த இரண்டு பேரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதற்குப் பள்ளி ஏற்பாடு செய்ய வேண்டும். அது தானாக நடக்காது.

கடைசியாக நேரம். எந்தப் பள்ளியிலும் துறைத் தலைவரிடம் கேட்டால் முதலில் வரும் சொல் இதுதான். வகுப்புப் பார்வை ஒரு பாடவேளை, பேச்சு அரைப் பாடவேளை, இரண்டு வாரத்தில் மறுபடியும் ஒரு பார்வை. துறையில் எட்டு ஆசிரியர் இருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டு வாரத்துக்கு இருபது வேளை. வராத ஆசிரியரின் வகுப்பு, இணைப்பாட நடவடிக்கை, போட்டி, கூட்டம் எதுவும் அதற்காகக் காத்திருப்பதில்லை. ஆகவே எட்டுப் பேரையும் ஒரே பருவத்தில் பார்க்க முயல்வது வீண். ஒரு பருவத்துக்கு இரண்டு பேர் போதும். அவர்களோடு ஆழமாகச் செய்வது, எட்டுப் பேரை மேலோட்டமாகத் தொடுவதைவிடப் பயன் தரும். கிராஃப்ட் குழுவின் ஆய்விலும் மொத்த நேரத்தைவிட கோச்சிங்கின் தரமே பெரிதாகத் தெரிந்தது.

முதல்வர்களிடம் கேட்க ஒன்றுதான் உண்டு. துறைத் தலைவரை 17 வாரம் பயிற்சிக்கு அனுப்பினீர்கள். அவர் திரும்பி வந்ததும் அடுத்த ஆண்டுக் கால அட்டவணையில் அவருக்கு வாரம் இரண்டு வேளை ஒதுக்குங்கள். சக ஆசிரியரின் வகுப்பில் அமர ஒன்று, பிறகு அவரோடு பேச ஒன்று. அந்த வேளைகளில் அவரை மாற்று வகுப்புக்கோ கூட்டத்துக்கோ இழுக்காதீர்கள். அட்டவணை போடும்போது அதை முதலில் எழுதுங்கள், மற்றதைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.