ஒரு முறை சார்ஜ் செய்தால் எத்தனை கிலோமீட்டர்?

மின்சாரக் காருக்குப் பெட்ரோல் வேண்டாம். பேட்டரியில் மின்சாரம் ஏற்றினால் போதும்.

2020 ஜனவரியில் டாடா நெக்ஸான் மின்சாரக் கார் விற்பனைக்கு வந்தது. புனே நகருக்கு அருகே ராஞ்சன்காவில் அது தயாரானது. அதன் பேட்டரி சுமார் 30 யூனிட் மின்சாரம் கொள்ளும். வீட்டு மின்கட்டணத்தில் வருகிறதே, அதே யூனிட்தான்.

புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ. என்ற வாகனச் சோதனை நிலையம் உள்ளது. ஒரு முறை சார்ஜ் செய்தால் இந்தக் கார் 312 கிலோமீட்டர் ஓடும் என்றது அதன் சோதனை. வாங்கியவர்கள் சாலையில் ஓட்டினார்கள். பலருக்குக் கிடைத்தது சுமார் 200 கிலோமீட்டர்தான்.

ஏன் இந்த வித்தியாசம்?

சோதனையில் வண்டி உருளைகளின் மேல் ஓடுகிறது. அங்கே மேடு இல்லை. ஏசி போடுவதில்லை. சாலை அப்படியா? வேகம் கூடினால் மின்சாரம் அதிகம் செலவாகும். ஏசி போட்டாலும் அப்படியே.

மும்பையிலிருந்து புனே சுமார் 150 கிலோமீட்டர். வழியில் கண்டாலா மலை. ஏறும்போது சார்ஜ் வேகமாகக் குறையும். திரும்பி இறங்கும்போது, சைக்கிள் டைனமோவைப் போல மோட்டாரே மின்சாரம் தரும். செலவானதில் கொஞ்சம் பேட்டரிக்குத் திரும்பும்.

மின்சார ஆட்டோவோ ஸ்கூட்டரோ வாங்கப் போகிறீர்களா? விளம்பரத்தில் உள்ள எண்ணை மட்டும் நம்பிக் கடன் வாங்காதீர்கள். அதே வண்டி ஓட்டுபவரிடம் கேளுங்கள். தினமும் எவ்வளவு தூரம் போவீர்கள்? எங்கே சார்ஜ் செய்வீர்கள்? கணக்குப் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.