விதையில்லாச் சூரியகாந்தி

மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயிலைச் சூழ்ந்த மாடவீதிகளில் வாழைப்பழம் விற்போர் பலரைக் காணலாம். பூவன், இரஸ்தாளி எனப் பல வகைப் பழங்கள் அங்கே உள்ளன. அவற்றை உரித்து உண்பவர் முளைக்கத்தக்க விதையைக் காண்பதில்லை. விதையில்லாத வாழை அழியாமல் தழைப்பது எங்ஙனம்? தாய்மரத்தின் அடியில் கன்று தோன்றுகிறது. மனிதன் அதனைப் பெயர்த்து வேறிடத்தில் நடுகிறான். ‘வாழையடி வாழையாக’ என்று பெரியோர் வாழ்த்துவதும் இதுபற்றியே.

இத்தகைய வாழ்வுடைய சூரியகாந்தி ஒன்றும் உண்டு.

சூரியகாந்தியின் தாயகம் வட அமெரிக்கா. நம் நாட்டில் எண்ணெய்க்காகப் பயிரிடப்படுவது ஓராண்டுச் செடி. விதைத்த மூன்று நான்கு திங்களில் பூத்து, விதை முற்றி, மடிந்துவிடும். பல்லாண்டு வாழும் சூரியகாந்திகளும் உள்ளன. பனிக்காலத்தில் அவற்றின் தண்டு பட்டுப்போகும்; மண்ணுக்குள் தூர் உயிரோடிருந்து, இளவேனிலில் மீண்டும் தளிர்க்கும்.

இவ்விருவகையும் கலந்து பிறந்ததே பன்மலர்ச் சூரியகாந்தி. அது பல்லாண்டு வாழ்வது. ஒரே தூரிலிருந்து பல தண்டுகள் எழுந்து, பொன்னிற மலர்களைத் தாங்கி நிற்கும். சுவீடன் நாட்டுப் பேரறிஞர் லின்னேயஸ் 1753-ஆம் ஆண்டில் அதனைத் தனியினமாகக் கொண்டு பெயரிட்டார். அது கலப்பினமே என்பதை 1960-இல் அமெரிக்கத் தாவரவியலறிஞர் சார்லஸ் ஹெய்சரும் உடனாய்வாளர் ஒருவரும் விளக்கினர்.

அச்செடி விதை தாராமைக்குக் காரணம் யாது? ஓராண்டுச் சூரியகாந்தியின் உயிரணுவில் 34 குரோமோசோம்கள் உள்ளன. அதனோடு கலந்த காட்டினத்தில் 68 உள்ளன. பெற்றோர் இருவரும் தத்தமக்குரியவற்றில் பாதியை வழங்க, பிறந்த செடி 17-உம் 34-உம் சேர்ந்து 51 பெறுகின்றது. மகரந்தமும் சூலும் உருவாகும்போது குரோமோசோம்கள் இரண்டிரண்டாக இணைந்து பிரிதல் வேண்டும். மும்மூன்றாக இருப்பவை ஒழுங்காக இணைய இயலாமையால் விதை உண்டாவதில்லை. நம் பூவனுக்கும் இரஸ்தாளிக்கும் இதுவே நிலை. அவையும் கலப்பினங்களே; பதினொன்று கொண்ட மூன்று தொகுதிகளாக அவற்றில் 33 குரோமோசோம்கள் உள்ளன.

ஆகவே, தோட்டக்காரர் தூரைப் பிரித்து நடுவதனாலேயே பன்மலர்ச் சூரியகாந்தி குளிர்நாட்டுத் தோட்டங்களில் இன்றும் வாழ்கின்றது. இங்ஙனம் வாழ்வதில் இடரும் உண்டு. கன்றுகள் யாவும் தாயின் இயல்பையே உடையன. ஆதலின் தாயை வீழ்த்தும் நோய் அனைத்தையும் வீழ்த்தும். ‘குரோ மிஷெல்’ என்னும் புகழ்பெற்ற வாழை வகை, மண்ணில் பரவிய பூஞ்சை நோயால் நடு அமெரிக்கத் தோட்டங்களில் அழிந்தது. 1960-களில் ஏற்றுமதி வாணிகத்தில் அதன் இடத்தை வேறொரு வகை பிடித்தது. பல வகைகளையும் பேணுதல் வேண்டும் என்பதற்கு இதுவே சான்று.

அடையாற்றிலும் தியாகராய நகரிலும் தோட்டம் சூழ்ந்த வீடுகள் பல அடுக்குமாடிகளாகிவிட்டன. ஆலும் வேம்பும் பறவையின் எச்சத்தால் தாமே முளைக்கும். வாழை அங்ஙனம் முளைப்பதில்லை. கொல்லையை அழிக்குமுன் ஒரு கன்றைப் பெயர்த்து அயலாருக்கு அளித்தால், அவ்வாழை அங்கே தொடர்ந்து வாழும். விதையில்லாச் செடிக்கு மனிதன் கையே விதை.