குங்ஃபூ, சிலம்பம் படிக்க வீட்டிலேயே ஒரு புத்தக அலமாரி

உங்கள் பிள்ளை குங்ஃபூ வகுப்பில் சேர்ந்திருக்கலாம். நீங்களே கம்பு சுற்றுகிறவராக இருக்கலாம். கலையைப் பற்றி நம்பகமான சில புத்தகங்கள் வீட்டில் இருந்தால் நல்லது என்று தோன்றுகிறது. திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில் உட்கார்ந்துகொண்டு சீனப் போர்க்கலைக்கு நூலகம் சேர்க்க முடியுமா? முடியும். பெரிய பணம் வேண்டாம், பொறுமை வேண்டும்.

புத்தகத்தைப் பார்த்து அடி பழகலாமா? வேண்டாம். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் உடம்பின் எடை எந்தக் காலுக்கு மாறியது, மூச்சு எப்போது விட்டார்கள் என்பதைப் புத்தகம் காட்டாது. அதை மாஸ்டரோ ஆசானோ நேரில் திருத்த வேண்டும்.

பிறகு எதற்குப் புத்தகம்? காதில் விழுவதைச் சரிபார்க்க. இந்தத் துறையில் 'ஆயிரம் ஆண்டுப் பழமை', 'ரகசிய மரபு' என்ற பேச்சு அதிகம். மாதக் கட்டணம் கட்டுகிற உங்களுக்கு, எது சான்றுள்ளது, எது கதை என்று தெரிந்துகொள்ள உரிமை உண்டு.

எதிலிருந்து தொடங்குவது? நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கேள்வியிலிருந்து: போதிதர்மர் சீனாவின் ஷாவோலின் மடத்தில் சண்டை சொல்லிக்கொடுத்தாரா? 2011-ல் '7ஆம் அறிவு' படம் வந்த பிறகு, காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர்தான் குங்ஃபூவுக்கு ஆசான் என்பது நம் தெருவெல்லாம் தெரிந்த செய்தி.

பழைய ஏடுகள் என்ன சொல்கின்றன? 547-ஐ ஒட்டி யாங் ஷுவான்சி என்பவர் லுவோயாங் நகரத்துப் பௌத்தக் கோயில்களைப் பற்றி எழுதிய நூலில் போதிதர்மர் வருகிறார். அவரைப் பாரசீகத்துத் துறவி என்கிறது அந்த நூல். சீடர் தான்லின் பெயரில் உள்ள முன்னுரையோ, தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்கிறது. காஞ்சி என்ற பெயர் இரண்டிலும் இல்லை. சண்டைப் பயிற்சி பற்றியும் இரண்டிலும் ஒரு சொல் கிடையாது.

அந்தக் கதை எங்கிருந்து வந்தது? 'யீஜின் ஜிங்' (தசைநார்களை வலுப்படுத்தும் பயிற்சி நூல்) என்ற நூலிலிருந்து. போதிதர்மர் எழுதியதாகச் சொல்லிக்கொள்ளும் இந்த நூல் 1624-ஐச் சேர்ந்தது. 628-ல் எழுதியதுபோல ஒரு பொய் முன்னுரையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். போதிதர்மர் காலத்துக்கும் இதற்கும் 1,000 ஆண்டுக்கு மேல் இடைவெளி. 1930-லேயே தாங் ஹாவ் என்ற சீன ஆய்வாளர் போதிதர்மர் கதைக்கு ஆதாரமில்லை என்று எடுத்துக்காட்டிவிட்டார்.

அப்படியானால் நமக்குப் பெருமையே இல்லையா? இருக்கிறது. தென்னாட்டிலிருந்து போனவர் என்று அவர் மரபே சொல்லும் ஒரு துறவி, ஜென் (தியானத்தை முதன்மையாகக் கொண்ட பௌத்தம்) வழிக்கே முதல் ஆசானாகச் சீனத்திலும் ஜப்பானிலும் வணங்கப்படுகிறார். அது போதாதா? சான்றில்லாத சண்டையையும் அவர் தலையில் ஏற்றினால், சான்றுள்ள பெருமையையும் சேர்த்தே சந்தேகப்படுவார்கள்.

இதையெல்லாம் எந்தப் புத்தகத்தில் படிக்கலாம்? முதலில் வாங்க வேண்டியது மெய்ர் ஷஹார் எழுதிய 'தி ஷாவோலின் மொனாஸ்ட்ரி' (2008). 621-ல் ஒரு போரில் 13 ஷாவோலின் துறவிகள் தாங் வம்ச இளவரசருக்கு உதவியது, 728-ல் நட்ட கல்வெட்டு அதைப் பதிவு செய்தது, யீஜின் ஜிங் விவகாரம் என எல்லாம் சான்றோடு இருக்கிறது. ஷாவோலின் முதலில் பேர்பெற்றது கைச்சண்டைக்கு அல்ல, கம்புக்கு. கைவரிசைகள் பின்னால்தான் வளர்ந்தன. சிலம்பம் ஆடுகிறவர்கள் அந்தப் பகுதியை அவசியம் படிக்க வேண்டும்.

அடுத்து பிரையன் கென்னடியும் எலிசபெத் குவோவும் எழுதிய, சீனப் பயிற்சி நூல்களின் வரலாறு (2005). ஒரு பழைய நூலை எப்படிச் சந்தேகத்தோடு படிப்பது என்று இதில் கற்கலாம். மொத்த வரலாறும் வேண்டுமென்றால் பீட்டர் லோர்ஜின் 2012 நூல். மூன்றும் ஆங்கிலம். அகராதி பக்கத்தில் இருந்தால் சமாளிக்கலாம். ஒரு நாளைக்கு ஐந்து பக்கம் போதும்.

சீனம் தெரியாமல் மூல நூல்களைப் பார்க்க முடியுமா? 'ப்ரென்னன் டிரான்ஸ்லேஷன்' என்ற இணையதளத்தில், சுன் லுதாங் 1915-ல் வெளியிட்ட ஷிங்யி (ஒரு சீனப் போர்க்கலைப் பாணி) நூல் போன்ற பல பழைய பயிற்சி நூல்கள் சீன மூலமும் ஆங்கிலமும் படங்களுமாக இலவசமாகக் கிடைக்கின்றன. தளபதி சி ஜிகுவாங் 16-ம் நூற்றாண்டில் எழுதிய கைச்சண்டைப் பகுதியையும் தேடிப் படியுங்கள். பெரும்போரில் வெறுங்கை அதிகம் உதவாது, ஆனால் கைகாலைப் பழக்கப் புதியவருக்கு அதுவே வாசல் என்கிறார். படை நடத்தியவர் சொன்னது என்பதால் அதற்குத் தனி மதிப்பு.

நம் பக்கத்துக் கலைக்கு? இங்கே உங்களுக்குக் கிடைக்கும் வசதி சென்னைக்காரருக்குக் கூட இல்லை. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-ல் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' உங்கள் மாவட்டத்து நூல். மாடு கவரும் சண்டையிலும் ஊர்க் காவலிலும் இறந்த வீரர்களின் கற்கள் அவை. எடுத்தனூர்க் கல்லைப் பாருங்கள்: ஆயுதம் ஏந்திய வீரன், பக்கத்தில் அவனுடைய நாய். மகேந்திரவர்மப் பல்லவனின் 34-ம் ஆட்சியாண்டு என்று எழுத்து சொல்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்த செய்தியும் கல்லிலேயே இருக்கிறது.

ஷாவோலின் துறவிகள் போருக்குப் போனதும் ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான். அன்று இங்கே எந்த ஆயுதத்தை எப்படிப் பிடித்தார்கள் என்பதற்குக் கல்லில் வெட்டிய சாட்சி இது. கல் இப்போது எங்கே இருக்கிறது என்று விசாரித்து, புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

வர்மம் (உடம்பின் உயிர்நிலைகளைப் பற்றிய கலை) பற்றிய நூல்களை வாங்கலாமா? வாங்கலாம், செய்து பார்க்கக் கூடாது. படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்ற கணக்கும் பெயர்களும் சுவடிக்குச் சுவடி மாறும். சென்னை ஆசியவியல் நிறுவனம் 1994-ல் 'வர்ம சூத்திரம்' சுவடியை ஆங்கில மொழிபெயர்ப்போடு வெளியிட்டது. கன்னியாகுமரி ஆசான்களோடு பழகி ரோமன் ஸீலர் எழுதிய நூல் 2015-ல் வந்தது. வர்மத்தில் வைத்தியமும் அடியும் ஏன் பிரியாமல் இருக்கின்றன என்பது அதில் புரியும்.

விலை அதிகமாக இருந்தால்? முதலில் மாவட்ட மைய நூலகத்தில் கேளுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய தமிழ் நூல்கள் இலவசம். 'சிலம்பம்' என்று மட்டும் தேடாமல் 'தேகப்பயிற்சி', 'தேகாப்பியாசம்', 'குத்துவரிசை' என்றும் தேடுங்கள். அந்தக் காலத்தில் அப்படித்தான் தலைப்பு வைத்தார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் என இரண்டுக்கும் தனித்தனியாக ஒவ்வொரு நாள் போய் வரலாம். பட்டியலைப் பார்த்து, நகல் எடுக்க விடுவார்களா என்று ஃபோனில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

ஒரு நூல் நம்பத் தகுந்ததா என்று எப்படி அறிவது? அடிக்குறிப்பைப் பாருங்கள். 'சிலப்பதிகாரத்தில் சிலம்பம் இருக்கிறது' என்று எழுதினால், எந்தக் காதை, எந்த அடி என்று சொல்ல வேண்டும். சொல்லியிருந்தால் நீங்களே எடுத்துப் பாருங்கள். சொல்லாவிட்டால் பென்சிலால் ஓரத்தில் கேள்விக்குறி போட்டு வையுங்கள். அந்தக் கேள்விக்குறிகளே அடுத்து எந்தப் புத்தகம் வாங்க வேண்டும் என்று காட்டிவிடும்.

கடையில் கிடைக்காத ஒரு புத்தகமும் உங்கள் அலமாரியில் இருக்க வேண்டும்: உங்கள் ஆசானின் வாய்மொழி. சிலம்பத்தில் எழுதி வைத்தது கொஞ்சம், சொல்லிக் கொடுத்தது அதிகம். சலாம் வரிசையை (வணக்க அசைவுகளை) அவர் யாரிடம் கற்றார், அந்த ஊர் எது, கம்பை எந்த மரத்தில் வெட்டினார்கள், எத்தனை நாள் பதப்படுத்தினார்கள்? அனுமதி கேட்டு ஃபோனில் பதிவு செய்யுங்கள். தேதி, இடம், அவர் பெயரைப் பதிவின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். பிறகு ஒரு நோட்டில் அவர் பேசிய சொற்களிலேயே எழுதுங்கள். உங்கள் பாணியில் அழகுபடுத்த வேண்டாம். அவர் சொன்ன பிழையான வருஷம்கூட அப்படியே இருக்கட்டும், திருத்தத்தை ஓரத்தில் எழுதுங்கள்.

பூச்சி அரிக்காமல் இருக்க? அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி, தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி வையுங்கள். கரையான் தரையிலிருந்தும் சுவர் வழியாகவும் ஏறும். வசம்புத் துண்டு வைப்பது நம் வழக்கம், அதையும் செய்யலாம். மழைக்காலம் முடிந்ததும் எல்லாவற்றையும் எடுத்து நிழலில் காற்றாட விடுங்கள், வெயிலில் வேண்டாம்.

இரவல் கேட்டால்? வகுப்புப் பிள்ளைகளுக்குத் தாராளமாகக் கொடுங்கள், பெயரும் தேதியும் எழுதிக்கொண்டு. ஆசான் நோட்டை மட்டும் வெளியே விடாதீர்கள். ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்கள், முதல் பிரதியை ஆசானுக்கே கொடுங்கள்.